தோணியும் தோளும்

மாரிக்காலத்தில் மட்டக்களப்பு வாவியைக் கண்டு சென்ற ஒருவர், மீண்டும் ஆடி மாதத்தில் வந்து அதனைக் காண்பாராயின், முன்னர்க் கண்டது இதுதானோ என்று ஐயுறுதல் இயல்பே. கார்த்திகை மார்கழியில் வடகீழ்ப் பருவமழை கொட்ட, மேற்கேயுள்ள ஆறுகளும் அருவிகளும் தம் வெள்ளத்தையெல்லாம் கொண்டுவந்து சேர்க்க, வாவி கரை கடந்து வயலிலும் வளவிலும் புகுந்து நிற்கும். அப்பொழுது முகத்துவாரத்து மணலை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுவார்கள். ஆடியிலோ மழை இல்லை. ஆறுகள் நூலாய் இளைத்துவிடும். கடலலை ஒதுக்கும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். வெயில் நாள்தோறும் நீரைக் குடிக்க, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான அந்த நீர்ப்பரப்பின் நடுவே மணல்திட்டுகள் முதுகு காட்டும். தோணி செல்லும் வழி இங்கோர் ஓடை, அங்கோர் ஓடை எனத் துண்டுபட்டுக் கிடக்கும்.

இந்த வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்றரையில் அமைந்த ஊர்களுள் ஒன்று எங்கள் தேற்றாத்தீவு. தேற்றா மரங்கள் நிறைந்திருந்தமையால் வந்த பெயர் என்பர். தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றினால், அக்கொட்டையின் பசை சேற்றுத் துகள்களைத் திரளச் செய்து அடியில் படியவிடும். மேலே தெளிந்த நீர் நிற்கும். குழாய்நீர் வந்தபின் இதனை அறிந்த பிள்ளைகள் குறைந்துவிட்டனர். வகுப்பில் ஊர்ப்பெயர்களுக்குக் காரணம் கேட்கும்போது, இந்தக் கொட்டையைக் காட்டிப் பாடம் நடத்துவது என் வழக்கம்.

சென்ற ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், நண்பர் நால்வர் தேற்றாத்தீவு ஆற்றங்கரையிலிருந்து மண்டூர் வரை தோணியில் செல்வதென்று முடிவு செய்தோம். 'ஆறு' என்றே எங்கள் ஊரார் வாவியைச் சொல்வர். தண்ணீர் வற்றிய ஆடியில் தோணிப் பயணமா என்று கேட்டோர் பலர். நியாயமான கேள்விதான். ஆனால் எங்களுக்கு வேறு மாதம் இல்லை. நால்வரில் ஒருவர் நோர்வேயில் இருபத்தைந்து ஆண்டுகளாக வாழ்பவர். கோடை விடுமுறைக்கு மகனை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். அவருடைய தாயார் அங்கே கண்மூடியவர். 'மண்டூர் முருகனுக்கு ஒரு நேர்த்தி உண்டு. தோணியிலே போய்ச் செலுத்து' என்று இறுதிநாட்களில் சொல்லியிருந்தாராம். சின்னக் கதிர்காமம் என்று போற்றப்படுவதும், வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்யும் மரபுடையதுமான அக்கோயிலுக்கு, எங்கள் கரைப் பெண்கள் ஒரு காலத்தில் தோணியிலேதான் சென்றனர்.

வேறொரு காரணமும் இருந்தது. நாங்கள் நால்வரும் ஆற்றங்கரையில் பிறந்தும் ஆற்றை அறியாமல் வளர்ந்தவர்கள். 1990ஆம் ஆண்டுக்குப் பின்னைய போர்க்காலத்தில், 2007ஆம் ஆண்டு வரையில், எழுவான்கரை ஒருவர் கையிலும் படுவான்கரை மற்றொருவர் கையிலும் இருந்தன. சூரியன் எழும் பக்கத்துக் கரை எழுவான்கரை. படும் பக்கத்துக் கரை படுவான்கரை. இத்துணை அழகிய பெயர் பூண்ட இரு கரைகளுக்கும் இடையில் நீர் ஓர் எல்லைக்கோடாக நின்றது. துறைகளில் சோதனை, மாலையானால் ஆற்றில் இறங்கத் தடை. எங்கள் பன்னிரண்டாம் வயதில் ஓட்டியிருக்க வேண்டிய தோணியை நாற்பதைத் தாண்டிய பின்னரே தொட்டோம்.

மூன்றாவது காரணத்தை நோர்வே நண்பர் முதல்நாள் இரவுதான் சொன்னார். ஆற்றங்கரையில் உள்ள தாயாரின் தென்னங்காணியை விற்க வந்திருக்கிறாராம். ஒன்றரை ஏக்கர். வாங்குவோரும் ஆயத்தமாக இருந்தனர். "மச்சான், அங்கே வீட்டுக் கடன்; இங்கே தங்கச்சிக்குச் சத்திரசிகிச்சை. இதை வைத்து நான் என்ன செய்வது?" என்று கேட்டார். எங்களிடம் மறுமொழி இல்லை. வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் வானத்தைப் பார்த்தார். விவசாயத் திணைக்களத்து நண்பர் தரையைப் பார்த்தார்.

விடிகாலை ஐந்தரை மணிக்கு இரண்டு தோணிகளில் புறப்பட்டோம். வழிகாட்டியாக எழுபதைக் கடந்த மீனவப் பெரியவர் ஒருவர் வந்தார். எங்கள் கையிலிருந்த சவள்களை அவர் ஒரு பார்வை பார்த்து, "மனே, இண்டைக்குச் சவளைவிடத் தோள்தான் வேலை செய்யும்" என்றார். நண்பரின் பதினைந்து வயது மகனுக்கு அது விளங்கவில்லை. அவன் தமிழைக் கேட்டு விளங்குவான், பேசுவதற்குக் கூசுவான். வந்த பத்து நாளும் கைத்தொலைபேசியே கதியென்று கிடந்த பிள்ளை, தகப்பனாரின் சொல்லுக்காகத் தோணியில் ஏறியிருந்தான்.

முதல் ஒரு மணி நேரம் இன்பமாகவே கழிந்தது. நீர் கண்ணாடிபோல் கிடந்தது. கண்ணாக்காட்டு விளிம்பில் கொக்குகள் தவம் செய்தன. இறால் கூடுகளைத் தூக்குவோர் எங்களைக் கண்டு கை காட்டினர். பெரியவர் தெற்கு நோக்கி நேராகச் செல்லாமல், காரணமின்றி வளைந்து வளைந்து செல்வதாக எங்களுக்குத் தோன்றியது. கேட்டபோது அவர் விளக்கினார். கொக்கு நிற்குமிடம் முழங்கால் நீர், அங்கே போகக்கூடாது. நீர்க்காகம் முழுகுமிடம் ஆழம், அதுவே வழி. சுற்றிலும் சிற்றலை ஓட, நடுவே ஓரிடம் மட்டும் சுருங்கி நடுங்கினால் அதன் கீழே மணல் மேடு. பாசி மேலெழுந்து மிதந்தால் அங்கே தோணிக்கு வேலையில்லை. இவை யாவும் எந்தப் புவியியல் நூலிலும் நான் படித்துக் கொடுக்காதவை.

நண்பர்களுள் வங்கியில் வேலை பார்ப்பவருக்குச் சென்ற ஆண்டு இருதய நாளத்தில் சிகிச்சை நடந்திருந்தது. பாரம் இழுக்கக்கூடாது என்பது வைத்தியர் கட்டளை. அவர் சும்மாயிருந்து வருவதற்கு மனம் ஒப்பாதவர். பெரியவர் அவரைத் தோணியின் முன்னணியில் இருத்தி, ஒரு கம்பைக் கொடுத்து, ஆழம் பார்த்துச் சொல்லும் பணியை ஒப்படைத்தார். கம்பை நீரில் ஊன்றி, "இடுப்பு! தொடை! முழங்கால்!" என்று அவர் கூவிக்கொண்டே வந்தார். வங்கியில் இருப்பு எழுதும் அதே கவனம் அக்குரலில் இருந்தது.

களுவாஞ்சிகுடிப் பக்கத்தை அணுகியபோது அக்குரல் "கணுக்கால்!" என்றது. மறுகணம் தோணியின் அடி மணலில் உரைந்தது. இறங்கினோம். முன்னே ஏறத்தாழ இருநூறு யார் தூரத்துக்கு ஈரமணலும் சேறும். அதற்கப்பால் மீண்டும் நீர் மின்னியது. தள்ளினோம், இழுத்தோம். பத்து யார் சென்றதும் மூச்சு வாங்கியது. சேறு முழங்கால்வரை விழுங்கியது. ஊரிகள் காலைக் கீறின.

அங்கேதான் கருத்து வேறுபாடு எழுந்தது. "இதற்குப் பெயர் தோணிப் பயணமா? திரும்பிப் போய் வீதியால் போவோம். முருகன் வீதியால் வருபவனை ஏற்கமாட்டேன் என்றா சொல்கிறார்?" என்றார் விவசாயத் திணைக்களத்தார். "அம்மா தோணியில் என்றார்" என்றார் நோர்வே நண்பர். "அம்மா தோணியில் போ என்றார், தோணியைச் சுமந்து போ என்று சொல்லவில்லை" என்றார் மற்றவர். அச்சொல் சற்றுக் கூர்மையாகவே விழுந்தது. நோர்வே நண்பர் முகம் திருப்பிக்கொண்டார். நெடுங்காலப் பழக்கம் உடையவர்கள் ஒருவரையொருவர் எங்கே தைக்கலாம் என்பதையும் அறிந்தவர்கள் அல்லவா?

பெரியவர் இந்த வழக்கில் தலையிடவில்லை. பையனைப் பார்த்து, "மனே, காலைத் தூக்கித் தூக்கி வைக்காத. தேச்சுத் தேச்சு நட. சேத்துக்க திருக்கை கிடக்கும்; மிதிச்சா முள்ளால அடிக்கும். தேச்சு நடந்தா அது தானே விலகிப் போயிரும்" என்றார். செய்தும் காட்டினார். ஒரு பாதத்தை முன்னே வழுக்கவிட்டு, அடுத்ததை அதன் பின்னே வழுக்கவிட்டு, இடுப்பு அசையாமல் நடந்தார்.

பையன் திடீரென்று சிரித்தான். பத்து நாளில் நாங்கள் கேட்ட முதற் சிரிப்பு அது. "தாத்தா, இது ஸ்கீ நடை!" என்றான். பின்னர், தயங்கித் தயங்கி, சொல் அகப்படாத இடத்தில் தகப்பனாரைப் பார்த்துக்கொண்டு, தன் நாட்டுச் செய்தியொன்றைச் சொல்லத் தொடங்கினான். நாங்களும் தோணியின் விளிம்பில் அமர்ந்து கேட்டோம்.

அவன் சொன்னதன் சாரம் இதுதான். நோர்வேயில் பனிச்சறுக்குப் பலகைகளைக் காலிற் பூட்டி, இயந்திரத்தின் உதவியின்றி மலையேறி, மறுபக்கம் சறுக்கி இறங்கும் பயணங்கள் உண்டு. ஏறும்போது பலகையின் அடியில் ஒரு பட்டையை ஒட்டுவார்கள். முற்காலத்தில் அது கடல்நாயின் தோல். இக்காலத்தில் ஆட்டுமயிரும் செயற்கை இழையும் கொண்டு நெய்தது. அதன் மயிர் ஒரு பக்கமாகவே படிந்திருப்பதால், முன்னே தள்ளினால் வழுக்கும். பின்னே சரிந்தால் பற்றிக்கொள்ளும். பாதத்தைத் தூக்காமல் தேய்த்தே நடக்க வேண்டும். வசந்தம் வந்துவிட்டால் பனி ஒரே விரிப்பாக இராது. தெற்கு நோக்கிய சரிவில் வெயில் பட்டு முதலில் உருகும். கரும்பாறையைச் சுற்றி உருகும். காற்றுக் குவித்த பள்ளத்திலும் நிழற்சரிவிலும் எஞ்சி நிற்கும். பனி உள்ள இடத்தில் சறுக்குவார்கள். இல்லாத இடத்தில் பலகைகளைக் கழற்றி முதுகில் கட்டி, கல்லிலும் புல்லிலும் நடப்பார்கள். மீண்டும் பனி வந்ததும் பூட்டுவார்கள். ஒரு நாளில் பத்து முறை கழற்றிப் பூட்டுவதும் உண்டு.

"அப்போ, பனி இல்லாட்டி வீட்டுக்குத் திரும்பிப் போக மாட்டீங்களோ?" என்று விவசாயத் திணைக்களத்தார் கேட்டார்.

"பனி முழுக்க வேணும் எண்டு நிண்டால், மாமா, வசந்தத்தில ஒருநாளும் மலைக்குப் போக ஏலாது" என்றான் பையன்.

ஒருவரும் பேசவில்லை. விவசாயத் திணைக்களத்தார் எழுந்து தோணியின் முன்னணியைப் பிடித்தார். "மச்சான், உன் மகன் உன்னைவிடத் தெளிவாகத் தமிழ் பேசுகிறான்" என்றார். கூர்மை போய்விட்டது.

வாசக நேயர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். ஸ்கீ என்ற சொல், பழைய நோர்ஸ் மொழியிற் பிளந்த மரத்துண்டைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்பர். நோர்வே அறிஞர் நான்சன் 1888ஆம் ஆண்டில் ஐந்து தோழருடன் கிறீன்லாந்தின் உறைபனிப் பரப்பைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தது அத்தகைய பலகைகளின் துணைகொண்டே. அங்கே பனி, இங்கே நீர். அங்கே உருகிக் குறைகிறது. இங்கே வற்றிக் குறைகிறது. ஆயினும் எங்கே எஞ்சியிருக்கிறது என்று பார்க்கும் கண் ஒன்றே. நிழற்சரிவைத் தேடும் கண்ணும் நீர்க்காகத்தைத் தேடும் கண்ணும் உறவுடையவை. ஒரு சொல்லும் பொதுவாக இல்லாத இருவர், ஒரு நடையினாலே ஒருவரையொருவர் அறிந்துகொண்டதை அன்று நேரிற் கண்டேன்.

பெரியவர் எங்களை உடனே இழுக்க விடவில்லை. "கச்சான் எழும்பட்டும்" என்றார். சோளகக் காலத்தில் மேற்கேயிருந்து வீசும் வறண்ட வெங்காற்றுக்கு எங்கள் நாட்டிற் கச்சான் என்று பெயர். தொட்டதையெல்லாம் உலர்த்தும் அக்காற்றை வாழ்த்துவோர் இலர். ஆனால் அகன்று ஆழமற்ற நீர்ப்பரப்பின் மேல் அது விடாமல் வீசும்போது, மேல்நீரைத் தள்ளிக்கொண்டு வந்து கிழக்குக் கரையில் ஒதுக்கும். ஒதுக்குவது சில அங்குலமே. அந்தச் சில அங்குலத்திற்காக நாங்கள் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். வாழையிலையில் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் இருந்தன, இளநீரும் இருந்தது. பத்து மணிக்கு மேல் காற்று எழுந்தது. பதினொரு மணியளவில் ஈரமணலின் மேல் மெல்லிய நீர்ப்படலம் ஊர்ந்து வந்தது. அடியில் தென்னம்மட்டைகளைப் பரப்பி, ஒரு மட்டை முடிய மறு மட்டை எடுத்து வைத்து, ஐவர் இழுக்க ஒருவர் அளக்க, இருநூறு யாரையும் முக்கால் மணி நேரத்தில் கடந்தோம். மட்டைகளை எடுத்து எடுத்து முன்னே வைத்தவன் பையன்.

பட்டிருப்புப் பாலத்தின் கீழ்ப் புகுந்து சென்றபோது மேலே பஸ்வண்டி ஒன்று இரைந்தோடியது. அதன்பின் நல்ல ஆழம். பின்னர் மீண்டும் மணல், மீண்டும் நீர். ஐந்து முறை இறங்கினோம். எத்தனை முறை ஏறினோம் என்று எண்ணியவர் வங்கி நண்பர் ஒருவரே. இடையிலே விவசாயத் திணைக்களத்தார் கரைகளைக் காட்டிச் சிலவற்றைச் சொன்னார். கண்ணாவும் கிண்ணையும் வெட்டப்பட்ட கரையில் மண் நிற்காது. மாரியில் கரைந்து வந்து ஓடையில் படியும். வயலிலிருந்தும் மண் வரும். நீரோட்டம் குறைந்த இடத்தில் அது தங்கிவிடும். முகத்துவாரத்தை விரைந்து வெட்டினால் வயல் பிழைக்கும். ஆனால் மீனவர் கணக்கு வேறு. மீன்குஞ்சும் இறாற்குஞ்சும் உள்ளே வருவதற்கும், உவரும் நன்னீரும் அளவாகக் கலப்பதற்கும் அவ்வாயிலே வழி. வடக்கே பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும் உள்ள இரு வாய்களை நம்பியே இந்த வாவி மூச்சு விடுகிறது. ஆடியில் நாங்கள் கண்ட வறட்சி முழுவதும் ஆடியின் செயலன்று என்பதை அப்பொழுது உணர்ந்தேன். ஒரு பங்கு வானத்தின் கணக்கில். ஒரு பங்கு நம் கணக்கில்.

மண்டூர்க் கோயிலின் சோலை கண்ணுக்குப் புலப்பட்டபோது மணி மூன்றாகிவிட்டது. கடைசி அரை மைல் தோணிக்கு இடமில்லை. அவற்றைக் கம்பு நட்டுக் கட்டிவிட்டு, நேர்த்திப் பொருளைத் தலையில் ஏந்தி, நீரும் சேறுமாய்க் கிடந்த வெளியில் ஆறுபேரும் ஒரே வரிசையாகப் பாதத்தைத் தேய்த்து நடந்தோம். முன்னே பெரியவர், அடுத்துப் பையன். கரையேறிக் கிணற்றில் நீராடி, சந்நிதியில் நின்றபோது நண்பர் அழுதார். அவருடைய தாயாரின் பெயரைச் சொல்லி அருச்சித்தபோது, பையன் தகப்பனாரின் கையைப் பற்றிக்கொண்டிருந்தான்.

வெல்லாவெளி வழியாக முச்சக்கரவண்டியில் வீடு திரும்பினோம். ஒரு பகல் முழுவதும் சென்ற வழியை ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிட்டோம். "இவ்வளவுதானா?" என்று பையன் வியந்தான். வீதியால் பார்த்தால் அவ்வளவுதான். தோணிகளைப் பெரியவர் மறுநாட் காலையில் தம் உறவினர் துணையுடன் கொண்டுவந்து சேர்த்தார்.

காணியின் செய்தி என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். நண்பர் அதனை விற்றார். தங்கையின் உயிரைவிடத் தென்னை பெரிதன்று. ஆனால் ஒன்றரை ஏக்கரையும் விற்கவில்லை. ஆற்றை அடுத்த நாற்பது பேர்ச் நிலத்தை மட்டும் எல்லையிட்டு நிறுத்திக்கொண்டார். வாங்குவோர் ஆற்றங்கரையே வேண்டுமென்று விலையைக் குறைத்தனர். குறைந்த விலைக்கே கொடுத்தார். அந்நிலத்தில் பெரியவரின் தோணி கரையேற இடமுண்டு; இரண்டு தென்னையும் ஒரு தேற்றா மரமும் நிற்கின்றன. உறுதியில் மகனின் பெயரையும் சேர்க்கச் சொன்னார். கையொப்பமிட்ட அன்று, "முழுதும் வைத்திருக்க முடியாது என்பதற்காக ஒன்றும் வைத்திருக்கக்கூடாது என்று நினைத்திருந்தேன், மச்சான்" என்று மட்டும் சொன்னார்.

என் மாணவரும் அவர்தம் பெற்றோரும் இவ்வரிகளைப் படிப்பாராயின், அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை ஒருநாளாவது, மாரியில் அன்று, ஆடியில், ஆற்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். நீர் நிறைந்திருக்கும்போது எவரும் தோணி ஓட்டலாம். எங்கே நீர் எஞ்சியுள்ளது, எங்கே கரை கரைகிறது, எங்கே சுமக்கவேண்டும், எப்பொழுது காற்றுக்காகக் காத்திருக்கவேண்டும் என்பவற்றை வற்றிய காலமே கற்பிக்கும். கற்பிக்க வல்ல பெரியவர்கள் இன்னும் சிலர் கரையில் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே அப்பாடத்தைக் கேட்டுக்கொள்வோம். மொழி குறைந்த பிள்ளையும் அதனைப் படிக்கலாம். பாதம் இரண்டு இருந்தாற் போதும்.